நாலாம் வளைவில் மஞ்சள் கொடி

கொடியைக் கக்கத்தில் இடுக்கக் கூடாது. யாரும் எழுதிவைத்த விதி இல்லை அது. நாச்சிமுத்து தனக்குத் தானே போட்டுக்கொண்டது, பத்தொன்பது வருஷமாகக் கடைப்பிடிப்பது. கம்பு வலது கையில் இருக்க வேண்டும், துணி தொடையை ஒட்டித் தொங்க வேண்டும், உள்ளங்கை வியர்த்தால் இடது கைக்கு மாற்றித் துடைத்துக்கொண்டு உடனே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போது வியர்க்கிறது. ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது மணிகூட ஆகவில்லை, அதற்குள் தார்ப்பாதையிலிருந்து காந்தல் கிளம்பிவிட்டது. தூரத்தில், ஓடுபாதை தொடங்கும் இடத்தில், எட்டுப் பிள்ளைகள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். குட்டி ரேஸ் வண்டியான கார்ட்டை ஓட்ட லீவுக்கு நடத்தும் பயிற்சி முகாம், இன்றுதான் முதல் நாள். பயிற்சியாளன் ரோஷனின் குரல் மைக்கில் காற்றோடு துண்டு துண்டாக வந்து விழுகிறது. வலது கால் ஆக்சிலேட்டர். இடது கால் பிரேக். ரெண்டையும் ஒன்னா மிதிக்கவே கூடாது, ஏதாவது ஒன்னுதான். ஸ்டியரிங்கைக் கடிகாரத்துல ஒன்பதேகால் மாதிரிப் பிடிக்கணும். ஏதாவது ஒன்றுதான். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது. வாழ்நாள் பூராவும் தான் இரண்டையும் சேர்த்து மிதித்தபடியேதான் வந்திருக்கிறோமோ என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது, தோன்றிய உடனே அந்த நினைப்பின் அழகே கசந்தது. தப்புச் செய்தவனுக்கு இந்த உவமை ஒன்றுதான் குறைச்சல். வளைவுக்கு முன்னாடி, நேரா போறப்பவே பிரேக் பிடிச்சு முடிச்சிரணும் என்கிறான் ரோஷன், வளைவுக்குள்ள போயிப் பிடிச்சா சுத்திக்கிட்டு நிக்கும். மஞ்சக் கொடி ஆட்டுனா முன்னாடி ஆபத்து, வேகத்தைக் குறைக்கணும், யாரையும் முந்தக் கூடாது. அப்புறம் முக்கியமான விஷயம், எங்க பாக்கறீங்களோ அங்கதான் வண்டி போகும், டயரைப் பாத்தா டயருக்குப் போகும், வெளியே போற பாதையைப் பாருங்க. சரிதான். கண் போன பக்கம் எது எது போகும் என்று நாச்சிமுத்துவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலையில் கேட்டருகே அந்த நடையைத்தான் முதலில் பார்த்தார், முகத்தை அப்புறம்தான். வலது காலை ஊன்றும்போது தோள் ஒரு பக்கமாக இறங்கி ஏறும் நடை. ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். உள்ளே போய் கக்கூஸில் நின்றுகொள்ளலாம், பெயர்ப் பதிவு முடியும் வரை வராமல் இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தார். கால் நகரவில்லை. "ஏனுங், தினகரப்பா தானுங்களே?" தினகரப்பா. மகன் பெயரை வைத்து அவரைக் கூப்பிட்டவர்கள் எல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டார்கள்; இங்கே அவர் நாச்சிமுத்தண்ணன், பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொடி பிடிக்க வருகிறவர். "நாந்தானுங் கோகுல். ஞாபகம் இருக்குதுங்களா?" ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறான். "இருக்குது" என்றார். கோகுல் அந்தப் பெண்ணை முன்னால் நிறுத்தினான். "இது என்ற பொண்ணுங், நிலானி. மூணாவது படிக்கறா. கார்ட் ஓட்டியே தீருவேன்னு ஒரு வருசமா ரகளை. இவங்கம்மாவுக்கு இஷ்டமே இல்லீங். நாந்தான் சொன்னேன், வண்டி மேல ஒரு தப்பும் இல்ல, ஓட்டுன கழுதை மேலதான் தப்புன்னு." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அந்தப் பெண் அப்பாவின் காலைக் காட்டி, வகுப்பில் ஒப்பிப்பது போலச் சொன்னது: "எங்கப்பா மஞ்சக் கொடியைப் பாக்காமப் போயி இடிச்சிட்டாரு தாத்தா. அதான் இப்படி. நான் பாப்பேன்." கோகுல் அதன் தலையில் தட்டினான். "தாத்தா இல்ல, மாமான்னு சொல்லு." "மீசையெல்லாம் வெள்ளையா இருக்குதே." "உங்கப்பனுக்கும் வரும், பாரு." பிறகு அவரிடம் திரும்பி, "நாலாவது வளைவுல நீங்கதான் நிக்கறீங்கன்னாங்க. அப்பறம் எனக்கு என்னங் பயம்" என்றான். குத்தலாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாச்சிமுத்து அவன் முகத்தில் குத்தலைத் தேடினார், ஒரு துளிகூட இல்லை. அப்போதுதான் முடிவு செய்தார். முதல் ஓட்டம் பத்து நிமிஷம். அது முடிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்.

என்ன சொல்வது. தப்பு உன்னுடையது இல்லையப்பா என்று ஆரம்பிக்கலாம். அது என்னவோ அவனுக்குப் பரிசு கொடுப்பது மாதிரி இருக்கும். நான் ஆட்டவில்லை என்று ஆரம்பிக்கலாம். அதுவும் முழு உண்மை இல்லை. ஆட்டினார், மூன்று விநாடி கழித்து. எட்டு வண்டிகளும் உறுமத் தொடங்கிவிட்டன, பெட்ரோல் வாசனை காற்றில் இவர் நிற்கும் இடம் வரை வருகிறது, அந்த வாசனை வந்தால் போதும், இந்த டயர் அடுக்கு பழைய டயர் அடுக்காகிவிடும், இந்தப் புது வலைக்கம்பி வேலி மறைந்து கருவேலம் புதர் முளைத்துவிடும். அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பையன் ஓட்டுகிற போட்டியில் அப்பன் கொடி பிடிக்கக் கூடாது. கேட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அப்பன் கண்ணு ரேஸை எங்க பாக்கும், அவன் பையனைத்தான் பாக்கும் என்று. அன்றைக்கு இவருக்கு வேலை பார்க்கிங்கில். நாலாம் வளைவில் நிற்க வேண்டியவரிடம் போய், நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாருங்கள், இந்த ஒரு ஓட்டத்துக்கு நான் நிற்கிறேன் என்று சொன்னது யார், இவர்தான். கெஞ்சிக்கூடக் கேட்டார். ஏனென்றால் நாலாம் வளைவில் நின்றால்தான் பின்பக்க நேர்ப்பாதை முழுக்கத் தெரியும், அங்கேதான் தினகர் முந்துவான். பதின்மூன்று வயதுப் பையன், மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான், இரண்டாவது வண்டியின் வாலைத் தொட்டுவிட்டான். கொடி கக்கத்தில் இருந்தது. கை இரண்டையும் கண்ணுக்கு மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு இவர் பின்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால், வளைவு முடிகிற இடத்தில், டயர் அடுக்கு மறைக்கிற அந்தப் பத்தடியில், யாரோ ஒரு பையனின் வண்டி சுற்றிக் குறுக்கே நின்றுவிட்டது. சத்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்டதா? பத்தொன்பது வருஷமாக இந்தக் கேள்வியில்தான் வந்து இடறுகிறார். டயர் தேய்ந்து கிறீச்சிட்டது காதில் விழுந்தும், இன்னும் ஒரு விநாடி, அவன் முந்துவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நின்றாரா, இல்லை விழவே இல்லையா. சில நாட்கள் விழவில்லை என்று தோன்றும், அன்று நன்றாகத் தூக்கம் வரும். தினகர் முந்தினான். இவர் வாய்விட்டுக் கத்தினார், சபாஷ் என்று. அந்தச் சபாஷ் முடிவதற்குள் பின்னால் இரும்பு இரும்பில் மோதியது.

கோகுலுக்குப் பதினான்கு வயது. வண்டியின் முன்பாகம் நசுங்கி, பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் இடையில் அவன் வலது கால் மாட்டிக்கொண்டது. நாச்சிமுத்து திரும்பினார், பார்த்தார், கொடியை உருவினார், ஆட்டினார். வெறி பிடித்தவர் போல ஆட்டினார். அடுத்து வந்த வண்டிகள் எல்லாம் அதைப் பார்த்து நின்றன, அந்தப் பையன்கள் எல்லோரும் சாட்சி சொன்னார்கள், ஆமாம், மாமா மஞ்சள் கொடி ஆட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் போட்டி நடத்தியவர்களில் மூன்று பேர் மேஜை போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். கொடி ஆட்டினீங்களா? ஆட்டினேன். அந்த ஒரு வார்த்தையில் பொய் இல்லை. எப்போது என்று அவர்கள் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. மஞ்சள் கொடியை மதிக்காமல் ஓட்டியதற்காக கோகுலுக்கு ஒரு வருஷத் தடை. தடை எதற்கு, அவன் அப்பா மறு வாரமே கார்ட்டை விற்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனார் நாச்சிமுத்து. சொல்லிவிடுகிற எண்ணத்தோடுதான் போனார், அல்லது அப்படித்தான் இப்போது நினைத்துக்கொள்கிறார். காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவன் அப்பா, பையன் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு" என்றார். அந்தப் பையன் அவரிடம் பதில் சொல்லாமல் இவரிடம் சொன்னான்: "நான் பாக்கலீங் மாமா. என்னால உங்களுக்கும் சிரமம்." அவன் பார்த்துத்தான் இருந்தான். வளைவுக்குள் வரும்போது ஒழுங்காக இவர் நின்ற கொடிமேடையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான், அங்கே கொடி இல்லை, ஒரு ஆளின் முதுகு இருந்தது. ஆனால் ஊரே ஆட்டினார் என்று சொன்னபோது, தன் கண்ணை விட்டுவிட்டு ஊரை நம்பிவிட்டான். நாச்சிமுத்து சாத்துக்குடிப் பையைக் கட்டிலுக்கடியில் வைத்து, "பரவால்ல கண்ணு" என்றார். மன்னித்துவிட்டார். பொய் சொன்னதைக்கூட எப்படியோ விழுங்கிவிடலாம், அந்தப் பரவால்ல இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

வண்டிகள் கிளம்பிவிட்டன. நாச்சிமுத்து பாதைக்கு முகம் கொடுத்து நின்றார். ஒரு கண் வரும் பக்கம், ஒரு கண் வளைவுக்கு அந்தப்பக்கம். முதல் சுற்றில் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் தடுமாறினார்கள், ஒருவன் இரண்டு பெடலையும் மிதித்து வண்டி இருமியது, ஒருத்தி டயரைப் பார்த்தபடியே டயரில் போய் மெத்தென்று முட்டினாள். ஏழாம் எண் வண்டி மட்டும் சத்தம் மாறாமல் வந்தது. ஆரஞ்சு ஹெல்மெட். நேர்ப்பாதை முடியும் முன்பே பிரேக், பிறகு வளைவின் உள்முனையை உரசிக்கொண்டு திரும்பல், தலை மட்டும் வண்டிக்கு முன்பாகவே திரும்பிவிடுகிறது, வெளியே போகிற பாதையைத் தேடி. நிலானி. ஒவ்வொரு சுற்றிலும் வளைவுக்கு முன்னால் ஒரு பொட்டு நேரம் கொடிமேடையைப் பார்த்துவிட்டுப் போனாள், யாரும் சொல்லித்தராத ஒழுங்கோடு. இல்லை, அவள் அப்பன் சொல்லிக்கொடுத்திருக்கிறான், தன் காலைக் காட்டிக் காட்டி. தினகர் இந்த வயதில் இவ்வளவு நன்றாக ஓட்டினானா? தினகர். அன்று வேனில் வீடு திரும்பும்போது, ஜெயித்த கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "அப்பா, நீங்க கொடியை எப்ப ஆட்டுனீங்க? நான் உங்களைக் கடந்து போறப்ப உங்க கையில இல்லியே." "நீ போனதுக்கப்புறம்" என்றார். அவன் அடுத்த வருஷம் கார்ட் வேண்டாம் என்றான், அதற்கடுத்து எதுவும் வேண்டாம் என்றான். பெங்களூரில் இருக்கிறான். கார் வாங்கவில்லை, மெட்ரோவில் போகிறான். தீபாவளிக்குப் போன் செய்து, "அம்மா கிட்டக் குடுங்க" என்பான். எதற்காகக் கண் அந்தப் பக்கம் போனதோ அதுவும் இல்லை இப்போது. பிறகு ஏன் இங்கே வந்து நிற்கிறீர்கள் என்று மனைவி கேட்பாள். பிராயச்சித்தம் என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. அதுவும் பொய்யாக இருக்கலாம். உள்ளூரில் ஒரு பொய்யைச் சொன்னவன், அது நிற்கிறதா என்று அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதானோ என்னவோ.

ஆறாவது சுற்று. முன்னால் இரண்டாம் எண் வண்டி, பெரிய பையன், பன்னிரண்டு வயதிருக்கும். நிலானி அவன் பின்னாலேயே வருகிறாள். இது போட்டியே இல்லை, பயிற்சி ஓட்டம், முந்தலாம் என்று ரோஷன் அனுமதித்திருக்கிறான். நாலாம் வளைவில் வெளியேறும்போது முந்தப்போகிறாள், அது இவருக்கு இங்கிருந்தே தெரிகிறது, அந்தப் பையன் அகலமாகப் போவான், உள்பக்கம் வழி திறக்கும். வேலிக்கு வெளியே கோகுல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறான். நாச்சிமுத்துவின் கண் ஒரு கணம் அவனிடம் போயிற்று. அந்தக் காலுக்குப் போயிற்று. போனது உடனே தெரிந்தது, பார்த்தாயா, மறுபடியும் பார்த்துவிட்டாய், வேறெங்கோ பார்த்துவிட்டாய், பின்னால் என்ன நடந்ததோ. திரும்பினார். டயர் அடுக்குக்கு அப்பால் பத்தடியில் ஒன்றுமில்லை. வெறும் தார். வெயில். ஒன்றுமில்லை என்று கண் சொன்னது. கண்ணை எப்படி நம்புவது, அவருடைய கண்ணை. சத்தம் கேட்டதா? கேட்டது, இல்லை, கேட்கவில்லை, குறுக்கே ஒரு வண்டி நிற்கிறது, சிவப்பு வண்டி, அன்றைக்குச் சுற்றி நின்ற அந்தப் பழைய வண்டி, அதற்குள் கை தூக்கிவிட்டது. மஞ்சள் கொடி படபடவென்று அடித்துக்கொண்டது.

நிலானி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். வழி திறந்திருந்தது, அகலமாக, அழகாக. பார்த்தபடியே காலை எடுத்து, முந்தாமல், இரண்டாம் எண்ணின் பின்னால் ஒழுங்காக மெதுவாகச் சென்றாள். தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பியது, என்ன ஆபத்து என்று தேடி. பெல்ட்டில் இருந்த வாக்கிடாக்கியில் ரோஷனின் குரல் கரகரத்தது. "அண்ணா, நாலுல என்னங்ணா?" நாச்சிமுத்து பொத்தானை அழுத்தினார். யோசிக்கவே இல்லை. "நாய். போயிருச்சு. க்ளியர்." எவ்வளவு சுத்தமாக வந்தது. எங்கேயோ தயாராக வைத்திருந்தது போல.

ஓட்டம் முடிந்து பிள்ளைகள் இறங்கியபோது அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டு நடந்து வந்தார். நிலானி ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள், முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது, முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"அப்பா, அங்க ஒன்னுமே இல்லப்பா. சும்மா ஆட்டுனாங்க. நான் அவனை முந்தியிருப்பேன்."

"நாய் வந்துச்சாம் கண்ணு."

"வேலியில ஓட்டையே இல்லியே. நாய் எப்படி வரும்?"

"நிலானி." கோகுலின் குரல் தாழ்ந்தது. "கொடி ஆட்டுனா ஆட்டுனதுதான். நமக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும். நானும் இதே மாதிரிதான், அங்க ஒன்னுமே இல்லைன்னு நினைச்சுப் போனேன். என்ன ஆச்சு பாரு." பிறகு இவரிடம், வெட்கப்பட்டவன் போல: "தப்பா எடுத்துக்காதீங்க. சின்னப் புள்ளைங்."

"நான் பாத்தேன். ஒன்னுமில்ல" என்றாள் அவள். அப்பாவை விட்டுவிட்டு நேராக நாச்சிமுத்துவைப் பார்த்தாள். "நாய் இருந்துச்சுங்களா?"

உண்மை இவ்வளவு சின்ன வாசல் வழியாகவா வரும் என்று இருந்தது அவருக்கு. இல்லை கண்ணு என்றால் போதும். நீ பார்த்தது சரி. அங்கே ஒன்றும் இல்லை, உங்கப்பா பார்த்ததும் சரிதான், அன்றைக்குக் கொடி இல்லை. முதல் வார்த்தை வந்துவிட்டால் மற்றது தானே இழுத்துக்கொண்டு வரும். கோகுல் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். சொன்னால் அந்தக் கை அப்படியே நிற்கும், பிறகு அவன் நிமிர்ந்து பார்ப்பான், பத்தொன்பது வருஷத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்ப்பான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் அப்பாவை, சாத்துக்குடியை, பரவால்லவை. அவன் அப்பா செத்துப் போய்விட்டார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவரிடம் இனிமேல் யார் போய்ச் சொல்வது.

"பொடி நாய் கண்ணு" என்றார் நாச்சிமுத்து. "கேட்டு வழியா வந்து, டயருக்குப் பின்னால ஓடிருச்சு. உனக்குத் தெரிஞ்சிருக்காது."

நிலானி நாலாம் வளைவைத் திரும்பிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள், டயர் அடுக்கைப் பார்த்தாள். கோபம் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது, அந்த இடத்துக்கு ஒரு குழப்பம் வந்தது, அதுவும் போயிற்று.

"நான் பாக்கல" என்றாள்.

"பரவால்ல" என்று சொல்ல நாச்சிமுத்துவின் வாய் திறந்தது. மூடிக்கொண்டார். கோகுல் மகளின் தோளைத் தட்டி, "அதான். இனிமே அவங்களையே பாத்துக்கோ" என்று தண்ணீரை நீட்டினான்.

இரண்டாவது ஓட்டத்துக்கு அவர் திரும்பவும் நாலாம் வளைவில் போய் நின்றார். கொடி கையில், துணி தொடையை ஒட்டி. ஏழாம் எண் வண்டி நேர்ப்பாதையில் வந்தது. பிரேக் தாமதமாக விழுந்தது. ஆரஞ்சு ஹெல்மெட் வெளியே போகிற பாதையின் பக்கம் திரும்பவில்லை, கொடிமேடைக்கே திரும்பி அங்கேயே நின்றுவிட்டது, அவர் கையின் மேல். வண்டி உள்முனையைத் தவறவிட்டு அகலமாக விலகி, அவர் நிற்கும் டயர் அடுக்கை நோக்கி இழுத்துக்கொண்டு வந்து, கடைசி நேரத்தில் தடுமாறித் திரும்பியது. அடுத்த சுற்றிலும் அப்படியே. மைக்கில் ரோஷன் கத்தினான், நிலானி, கொடிக்காரரைப் பாக்காத, பாதையைப் பாரு. வேலிக்கு வெளியிலிருந்து கோகுல் கத்தினான், அவரைப் பாரு கண்ணு, அவரைப் பாரு. மூன்றாவது சுற்றில் அவள் வருவதைக் கண்டதும் நாச்சிமுத்து, அவள் பார்வையில் படாமல் இருக்க வேண்டும் என்று, ஓரடி பின்னால் நகர்ந்தார். வண்டியும் அந்த ஓரடி விலகி வந்தது.